லாமா உட்கார்ந்துவிட்டால்

லாமா, அதாவது தென் அமெரிக்காவின் சுமை தூக்கும் பிராணி, நடுவழியில் உட்கார்ந்துவிட்டால் எழுப்ப முடியாது. கயிற்றைப் பிடித்து இழுக்கலாம், பின்னால் போய்த் தள்ளலாம், காலில் விழாத குறையாகக் கெஞ்சலாம். அது பாட்டுக்கு முன்னங்காலை மடித்து மார்புக்கடியில் வைத்துக்கொண்டு எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த ஒரு விஷயத்தை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஏழு மாசமும் 26,300 ரேண்டும் மிச்சமாகியிருக்கும். ஊரான் வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரைத் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் ஒரு ராத்திரி நடுங்க விட்டிருக்கவும் மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். தாத்தா கீதாரி. முந்நூறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு கோடையில் தஞ்சாவூர் வயல்களுக்குக் கிடை போடப் போவார். சின்ன வயசில் நானும் கூடவே போயிருக்கிறேன். கல்யாணம் ஆகி டர்பனுக்கு வந்து பல வருஷம் ஆகிறது. மனைவி டர்பனின் இந்தியர் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவள், கரும்புத் தோட்டக் கூலியாக வந்தவர்களின் வழி. வார நாளில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், சனி ஞாயிறு கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் பலர் வீட்டில் 'சுகர்ஸ்' நுழைந்திருந்தது. பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஹெராயின் கலந்த மலிவான சரக்கு. அண்ணனோ அப்பாவோ அதில் விழுந்த வீட்டுப் பையன் வகுப்பில் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். இவர்களை மலைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றியது. அமெரிக்காவில் லாமா மேல் மூட்டை ஏற்றிப் பிள்ளைகளை நடக்கக் கூட்டிப்போகிறார்கள், முதியோர் இல்லங்களுக்குக்கூட அதை அழைத்துப் போகிறார்கள் என்று படித்திருந்தேன். திமிலில்லாத ஒட்டகம்தானே, ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, ஆடு மேய்த்த பரம்பரைக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

முதல் தப்பு மார்ச் மாதத்தில். சுற்றுலாக்காரர்கள் செல்பி எடுக்கும் ஒரு பண்ணையில் இளம் ஆண் லாமா ஒன்று என்னைப் பார்த்ததும் ஓடிவந்து மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்தது. உருகிப்போனேன். இதைவிடப் பாசமான பிராணி பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கும்! 9,000 ரேண்ட் கொடுத்து வாங்கி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி என் மனைவியின் பெரியப்பா சேப்பங்கிழங்கு போடும் நிலத்தில் கட்டினேன். தனியாக. முதல் வாரம் சரியாகத் தின்னவில்லை, வேலியோரமே நடந்து நடந்து தடம் போட்டது. மூன்றாவது வாரம் தீவனம் வைக்கக் குனிந்தபோது நெஞ்சால் இடித்துத் தள்ளி என் மேல் ஏறியது. விலா எலும்பில் கீறல் விழுந்து ஒரு மாசம் தும்மக்கூட பயந்தேன். அப்புறம்தான் கால்நடை மருத்துவர் விளக்கினார். தாயில்லாமல் மனிதர்கள் புட்டிப்பால் கொடுத்து, கூட விளையாடி வளர்த்த ஆண் லாமாவுக்கு மனிதனும் இன்னொரு லாமாதான். வயசுக்கு வந்ததும் இன்னொரு ஆணோடு சண்டை போடுவதுபோல நம்மோடு போடும். அதற்கப்புறம் காயடித்தாலும் அந்தப் புத்தி போகும் என்று நம்ப முடியாது. நல்ல லாமா நம்மைப் பார்த்ததும் ஓடிவராது, நாலடி தள்ளி நின்று பார்க்கும், கழுத்துக் கயிறு மாட்ட விடும், அவ்வளவுதான். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, பிராணியை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

மே மாதம் தாயோடு வளர்ந்த, காயடித்த இரண்டை வாங்கினேன். இரண்டும் சேர்த்து 28,000 ரேண்ட். ஜோடியாக வாங்கியது மட்டும் அந்த வருஷம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், ஏனென்றால் இது மந்தைப் பிராணி, துணையில்லாவிட்டால் தேய்ந்துவிடும். பிள்ளைகள் பார்க்க வந்து, பன்னி சவ்வில் என்ன குழம்பு வேண்டும் என்று கேட்பார்களே, அந்தக் கணக்கில் ஒன்றுக்கு மட்டன், ஒன்றுக்கு பீன்ஸ் என்று பேர் வைத்தார்கள். (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றும் அந்தப் பண்டத்தின் பேரை ஊரிலிருக்கும் அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு தனிக்கதை.) மட்டன் பழுப்பு, பீன்ஸ் வெள்ளையில் கறுப்புத் திட்டு. முகக்கயிறு மாட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூக்கின் மேல் வரும் பட்டை கண்ணுக்குக் கீழே எலும்பின் மேல் உட்கார வேண்டும். கீழே சரிந்து குருத்தெலும்புக்கு வந்துவிட்டால் மூச்சு அடைக்கும். லாமா பெரும்பாலும் மூக்கால்தான் சுவாசிக்கும், மூச்சடைத்தால் வெறி பிடித்ததுபோல் துள்ளும். பிள்ளைகள் அதைக் 'குறும்பு' என்பார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளோடு வேலை செய்பவர் பேர், அதற்குத் தகாதவர்கள் பட்டியலான சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில் இல்லை என்று உறுதிச் சான்று வேண்டும். அது கைக்கு வர வாரக்கணக்கு ஆகும், முதல் நாளே போட்டுவிடுங்கள். காசு வாங்கி வழிகாட்டினால் பதிவு பெற்ற வழிகாட்டியாக இருக்க வேண்டும். எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் 2021-ல் தொடங்கிய கோமாரி நோய் இன்னும் தீரவில்லை, ஆகவே பிராணியை வண்டியில் ஏற்றுமுன் அரசு கால்நடை அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். எங்கள் பக்கத்து மலையில் பெரும்பகுதி 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த பூங்கா. அதற்குள் எங்கள் பிராணிகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அன்டர்பெர்க் பக்கம் ஒரு பண்ணைக்காரர் தன் நிலத்தில் நடக்க விட்டார். சரி, காகிதம் போதும்.

ஆடி மாதம். இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை ஊரே கொண்டாடும், எங்கள் பெரியப்பா நிலத்திலும் கூழ் வைத்தோம். வேப்பிலைக்குப் பதில் வேம்பு இனத்துச் சிரிங்கா இலை, வாழை இலை, பானை, பம்பை எல்லாம் உண்டு. மட்டனும் பீன்ஸும் வேலிக்கு அந்தப் பக்கம் காதை நிமிர்த்தி நிற்பதைப் பார்த்து ஒரு பெரியம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. "நந்தி மாதிரி நிக்குதுகளேப்பா" என்று சாமிக்குக் கட்டிய மாலைகளில் மிச்சமிருந்த இரண்டை எடுத்துவந்து போட்டுவிட்டார். செவ்வரளி மாலை, இடையிடையே இலை வைத்துக் கட்டியது. நான் கைதட்டிப் படம் எடுத்தேன். எங்கள் ஊரில் அரளி விதை என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் ஆடு அரளிப் பக்கமே போகாது, எனவே அது என் மனசில் எச்சரிக்கையாகவே இல்லை, பூவாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம் கழித்துத் திரும்பினால் பீன்ஸ், மட்டன் கழுத்தில் தொங்கிய மாலையை நூலோடு இழுத்து மென்றுகொண்டிருந்தது. வாயோரம் ஒரு பச்சை இலை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை இன்றைக்கும் கண்ணால் பார்க்க முடிகிறது.

அரளியின் எல்லாப் பாகமும் விஷம், காய்ந்த இலையும் விஷம், நேராக இதயத்தைத்தான் தாக்கும். கால்நடை மருத்துவர் வந்து குழாய் வழியாகக் கரித்தூள் கரைசலை இறக்கினார், ராத்திரி மூன்று முறை நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். துடிப்பு நடுநடுவே ஒரு எட்டு விட்டு எட்டு வைப்பதுபோல் இருந்தது என்றார். விடிந்தபோது பீன்ஸ் வைக்கோலைக் கடித்தது. பில் 6,400 ரேண்ட். பெரியம்மா அழுதுகொண்டே ஐந்நூறு நீட்டினார், வாங்கவில்லை. அவர் செய்தது தப்பில்லை, வேலியோரத்தில் அரளிச் செடி இருக்கிறதா என்று ஒரு தரம்கூடச் சுற்றிப் பார்க்காதது என் தப்பு. நம் வீடுகளில் பூஜைக்கென்று வளர்க்கும் செடிதான் இது. சிரிங்காவின் பழமும் பிராணிகளுக்கு ஆகாது. லாமா வருமுன் செடிகளைக் களையுங்கள், விசேஷ நாளில் வேலியில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

இப்போது நடைக்கு வருகிறேன். வளர்ந்த லாமா தன் எடையில் கால் பங்கு சுமக்கும் என்று படித்திருந்தேன். மட்டன் 150 கிலோ இருக்கும் என்று கண்ணால் மதிப்பிட்டு 38 கிலோ ஏற்றினேன். இதில் எத்தனை ஓட்டை பாருங்கள். அந்தக் கால் பங்கு, எலும்பு முற்றி மாசக்கணக்கில் சுமை பழகிய பிராணிக்கு. முழுச் சுமைக்கு நாலு வயசு ஆக வேண்டும். விற்றவர் நாலு என்றார், பல்லைப் பார்த்த மருத்துவர் பிற்பாடு மூன்றுதான் இருக்கும் என்றார். அவை அதுவரை வெறும் சேணத்தோடு நாலைந்து தரம் தோட்டத்தைச் சுற்றியிருந்தன, அவ்வளவே. 8,500 ரேண்ட் கொடுத்து வரவழைத்த சேணங்கள் இரண்டும் அகலம் அதிகம், முதுகுத்தண்டில் உரசின; 3,000-க்குத்தான் பிறகு விலை போயின. இரண்டு பக்கப் பைகளும் சம எடை இருக்க வேண்டும், அரைக் கிலோ வித்தியாசம்கூட நடக்க நடக்கச் சேணத்தைச் சாய்த்துவிடும். மீன் கடைக்காரர் தொங்கவிடும் ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். என்னிடம் இல்லை. கையால் தூக்கிப் பார்த்துச் சரி என்றேன்.

செப்டம்பர் 24 பாரம்பரிய தினத்தை ஒட்டிய விடுமுறை. பையன்கள் ஆறு பேர், பதினாலிலிருந்து பதினேழு வயசு. கூட வருவதாக இருந்த நண்பர் முந்தின ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து வர முடியாது என்றார். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் பையைக் கட்டிவிட்டார்கள், கோயில் கமிட்டியில் பெருமையாகச் சொல்லியாயிற்று. கௌரவம்தான் காரணம், வேறு என்ன சொல்ல. மனைவி மட்டும், "ராத்திரி தங்குற குடிசைக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க, எட்டு மணி வரைக்கும் பார்ப்பேன், வரலைன்னா பண்ணைக்காரருக்கு அடிப்பேன்" என்றாள். நான் எரிச்சல்பட்டேன். அந்த எட்டு மணிதான் எங்களைக் காப்பாற்றியது.

காலையில் வெயில் சுகமாக இருந்தது. பதினொரு மணிக்கு 29 டிகிரி. குளிர்காலம் முடிகிற மலையில் இப்படி ஒரு சூடா, நல்ல சகுனம் என்றேன். அது பெர்க் காற்று. உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து கடல் பக்கம் இறங்கும் காற்று, இறங்க இறங்க அமுங்கிச் சூடேறும். பெரும்பாலும் அதன் பின்னாலேயே குளிர் வந்துகொண்டிருக்கும். மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம், டர்பன்காரனுக்குத் தெரியவில்லை. 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி நெடுஞ்சாலையில் வண்டிகள் சிக்கிக் கிடந்ததைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். வசந்தம் என்று காலண்டர் சொல்வதை அந்த மலை கேட்பதில்லை.

மட்டன் மேல் முழு வருஷத்து ரோமம். கத்தரித்தால் சேணம் உரசும் என்று விற்றவர் சொன்னதால் விட்டிருந்தேன். ஏழாவது கிலோமீட்டரிலிருந்து முனக ஆரம்பித்தது. லாமா முனகுவது மூக்குக்குள் பாட்டு முணுமுணுப்பதுபோல் இருக்கும், பையன்கள் அதுபோலவே செய்து சிரித்தார்கள். பிறகு காது பின்னால் படிந்தது, மூக்குத்துளை விரிந்தது. மூன்றேகாலுக்கு ஓர் ஏற்றத்தின் நடுவில், முதலில் முன்னங்கால், அப்புறம் பின்னங்கால், உட்கார்ந்துவிட்டது. நான் கயிற்றை இழுத்தேன். அரைத்த பச்சைச் சாறு ஒன்று முகத்தில் வந்து அடித்தது. அந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. கோபத்தில் கத்தினேன், ஆறு பிள்ளைகளுக்கு முன்னால், அவர்கள் வீட்டில் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே குரலில். ஆறு முகமும் ஒரே மாதிரி மூடிக்கொண்டதைப் பார்த்ததும்தான் வாயை அடைத்தேன்.

அடுத்த தப்பு அதைவிடப் பெரியது. பீன்ஸை ஓட்டிக்கொண்டு மூன்று பெரிய பையன்கள் குடிசைக்கு முன்னால் போகட்டும் என்றேன். நூறு அடி போயிருப்பார்கள், பீன்ஸ் திரும்பி மட்டனைப் பார்த்து, குதிரையும் வான்கோழியும் சேர்ந்து கத்துவதுபோல் ஒரு சத்தம் போட்டுக் கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவந்தது. பக்கப் பையின் வார் அறுந்து தூங்கும் பைகள் உருண்டு ஓடைக்குள் போயின. ஒருவன் ஜீன்ஸோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்துவந்தான். ஆறில் மூன்று ஊறிவிட்டன. குப்பைக் கூடைக்குப் போடும் கனமான பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்தால் நனைந்திருக்காது, ஆறு பைக்குப் பெரிய செலவும் ஆகாது. அதோடு, எல்லாருடைய தூங்கும் பையையும் ஒரே பிராணி மேல் ஏற்றக்கூடாது; அவனவன் பையும் மேல்சட்டையும் அவனவன் முதுகில் இருக்க வேண்டும். கூட்டத்தை எக்காரணத்துக்கும் பிரிக்கக்கூடாது, இரண்டு கால் கூட்டமானாலும் நாலு கால் கூட்டமானாலும். தாத்தா இருந்திருந்தால் செருப்பால் அடித்திருப்பார், கிடையைப் பிரிக்கிறவன் கீதாரியா என்று.

வகுப்பில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பதினைந்து வயசுப் பையன் ஒருவன் இருந்தான். இங்கே பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்தான், தமிழில் மிஞ்சியிருப்பது உறவுமுறையும் சாப்பாடும் கொஞ்சம் வசவும். நான் சுமையை இறக்கிக்கொண்டிருந்தபோது அவன் தொப்பியில் தண்ணீர் மொண்டு வந்து மட்டனின் வயிற்றுப் பக்கமும் தொடையிடுக்கிலும் ஊற்றினான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "முடி இல்லாத இடம் அதுதானே" என்றான். சரியான இடம். முதுகு ரோமத்தை நனைத்தால் சூடு உள்ளேயே நின்றுவிடும், வயிறும் காலும்தான் நனைய வேண்டும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, தொடாமல், அது முனகியதுபோலவே முனகினான். நடுவில், "எழும்பு தாத்தா, எழும்பு" என்றான். அவனை வளர்த்த தாத்தா போன வருஷம் தவறிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். என் பையில் ஒரு நோட்டு இருந்தது, மாலையில் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருபது எழுதி வைத்திருந்தேன். 'இந்தப் பிராணி உனக்கு யாரை நினைவூட்டுகிறது' என்பது மூன்றாவது கேள்வி. நோட்டை அன்று அடுப்பு பற்றவைக்கக் கிழித்தேன்.

ஆறு மணிக்குக் காற்று திரும்பியது. யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் ஒரே நிமிஷத்தில். மூடுபனி, அப்புறம் மழையும் பனியும் கலந்து. இரண்டு கூடாரத்தில் ஆறு பேர், காய்ந்த தூங்கும் பை மூன்று. ஜீன்ஸ்காரன் நடுங்கிக்கொண்டிருந்தான்; ஒன்பது மணிவாக்கில் நடுக்கம் குறைந்தது, எனக்கு நிம்மதி. பேர் கேட்டால் நாக்கு குழறியது, அப்போதுதான் வயிறு கலங்கியது. குளிர் உடம்புக்குள் இறங்கிவிட்டால் நடுக்கம் நிற்பது நல்ல அறிகுறி இல்லை. ஈர உடுப்பு முழுவதையும் கழற்றி, என் கம்பளிச் சட்டையைப் போட்டு, இரண்டு பேருக்கு நடுவில் படுக்க வைத்து, சர்க்கரை நிறையப் போட்ட டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். நான் வெளியே தார்ப்பாய்க்கடியில் இரண்டு லாமாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அவற்றுக்குக் குளிர் ஒன்றுமே இல்லை. ரோமத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது, உள்ளே விரலை விட்டால் கதகதப்பு. நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

ஒரு மணிக்கு டார்ச் வெளிச்சம் தெரிந்தது. எட்டு மணிக்கு என் மனைவி போன் செய்ததும் பண்ணைக்காரரும் அவரிடம் வேலை பார்க்கும் ஒரு மேய்ப்பரும் கிளம்பி, வண்டி போகாத இடத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். மேய்ப்பர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, தான் போர்த்தியிருந்த, பசோத்தோ மக்களின் கம்பளிப் போர்வையைக் கழற்றி ஜீன்ஸ்காரன் மேல் போட்டார். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மட்டன் தானாக எழுந்து, சோம்பல் முறித்து, பீன்ஸ் சாணி போட்டிருந்த இடத்தைத் தேடிப் போய் அங்கேயே தானும் போட்டது. லாமாக்கள் ஒரே இடத்தில்தான் போடும். அதைப் பார்த்து ஜீன்ஸ்காரன் சிரித்தான், எனக்கு உயிர் வந்தது.

பெற்றோருக்கு தலைக்கு 900 ரேண்ட், மொத்தம் 5,400 திருப்பிக் கொடுத்தேன். கமிட்டி கையை விரித்துவிட்டது, இரண்டு வீட்டில் இன்னும் பேச்சு இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மறுபடி நடக்க ஒரு வருஷம் ஆயிற்று. வெயில் ஏறுமுன் ரோமம் கத்தரிப்பு, மூன்று மாசம் வாரம் இரண்டு நடை, சுமை ஐந்து கிலோவில் தொடங்கி பதினெட்டில் நிறுத்தம், ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டர், பெரியவர்கள் இரண்டு பேர். ஒருவர் வராவிட்டால் பயணம் ரத்து. கேள்வி நோட்டு கிடையாது. கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது, தலையைத் தடவக்கூடாது, மட்டன் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். முனகுகிற பையன் இப்போது ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து சாணி அள்ளி பெரியப்பாவின் சேப்பங்கிழங்குப் பாத்திக்குப் போடுகிறான். அடுத்த நடைக்குப் பெயர்ப் பட்டியலும் அவன்தான் எழுதுகிறான், மேலே பெரிய எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி: ஜீன்ஸ் போட்டு வந்தால் வண்டியில் ஏற்ற மாட்டோம்.